மூன்று கேலன்

அக்கா வீடு ஓரிகன் மாநிலத்தில், ஹில்ஸ்பரோவில். நான் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில். காரில் கிளம்பினால் ஒரு முழுப்பகல் போய்விடும், நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் இருட்டித்தான் சேரலாம். எங்கள் ஃப்ளையிங் கிளப்பின் செஸ்னா 172 எஸ் என்ற சிறு விமானத்தில் போனால் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்திலிருந்து ஹில்ஸ்பரோவுக்கு நேர்கோட்டில் சுமார் 495 நாட்டிக்கல் மைல். நான் பைலட் லைசன்ஸ் வாங்கிய நாளிலிருந்து அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள், "எப்படா அந்தக் குட்டி விமானத்துல வந்து எறங்கப் போற?" என்று. ஒருவழியாக ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன். வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, என் ஐபேடையும் மனைவியின் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டிலும் இரண்டு வெவ்வேறு ஃப்ளைட் பிளானிங் ஆப்கள். ஒன்று இரண்டு வருடமாக நான் பழகியது. இன்னொன்று ஒரு மாத இலவசச் சோதனைக்காக இறக்கியது. இரண்டிலும் ஒரே பாதையைப் போட்டேன்: சாக்ரமென்டோ பள்ளத்தாக்கு வழியாக வடக்கே, ரெட்டிங், ஷாஸ்டா மலையை வலது பக்கம் விட்டுவிட்டு சிஸ்கியூ மலைத்தொடரைத் தாண்டி மெட்ஃபோர்டு, யூஜீன், அப்புறம் ஹில்ஸ்பரோ. 8,500 அடி உயரம், காலை எட்டு மணிக்குக் கிளம்புவது, தொட்டி நிறைய எரிபொருள்.

பழைய ஆப் சொன்னது: இறங்கும்போது 11.4 கேலன் (ஒரு கேலன் ஏறக்குறைய 3.8 லிட்டர்) எரிபொருள் மீதி இருக்கும். புதிய ஆப் சொன்னது: 7.9 கேலன்.

மூன்றரை கேலன் பெரிய விஷயமா என்று கேட்கலாம். இந்த விமானம் மணிக்கு ஏறக்குறைய 9 கேலன் குடிக்கும். 11.4 கேலன் என்றால் ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. 7.9 என்றால் ஐம்பத்து மூன்று நிமிடம் கூட முழுதாக இல்லை. அமெரிக்கச் சட்டப்படி பகலில் கண்பார்வை விதிகளில், அதாவது வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு அரை மணி நேர எரிபொருள் கையிருப்பு போதும். எங்கள் கிளப்பின் விதி ஒரு மணி நேரம். ஆக, ஒரு ஆப் கணக்குப்படி நான் எங்கும் இறங்காமல் நேராக அக்கா ஊருக்குப் போய்விடலாம். இன்னொன்றின் கணக்குப்படி கிளம்பவே கூடாது, நடுவில் நிறுத்தியாக வேண்டும். ஒரே விமானம், ஒரே பைலட், ஒரே வானிலை. எதை நம்புவது?

எந்த ஆப் வாங்கலாம்?

கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. அதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும், அதையே ஒப்பித்து வந்தேன். ஐபேடு வைத்திருக்கிறாயா, ஃபோர்ஃப்ளைட் வாங்கு. ஆண்ட்ராய்டா, ஃபோர்ஃப்ளைட் உனக்கு இல்லை, கார்மின் பைலட் வாங்கு. விமானத்தில் ஏற்கெனவே கார்மின் கருவிகள் இருந்தால் எப்படியும் கார்மின் பைலட்டோடு ஒட்டிப் போகும். காசு செலவழிக்க மனமில்லையா, ஃபிளைட்பிளான் கோ இலவசம் (அதையும் 2018-இல் கார்மின் வாங்கிவிட்டது), வீட்டில் உட்கார்ந்து வரைபடம் பார்க்க ஸ்கைவெக்டர் தளம் இருக்கிறது. ஐரோப்பாவில் பறக்கிறாயா, அங்கே சிறு விமானக்காரர்கள் கையில் ஸ்கைடெமன்தான். முடிந்தது ஆலோசனை.

இந்தப் பதிலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் செல்போன் கடைக்காரர் சொல்கிற பதில் மாதிரிதான் இதுவும். திரை நன்றாக இருக்கிறதா, எந்தக் கருவியோடு சேரும், விலை என்ன, அவ்வளவுதான். திரை என்னவோ எல்லாவற்றிலும் கண்ணைப் பறிக்கும் அழகுதான். பாதையில் விரலை வைத்து இழுத்தால் ரப்பர் மாதிரி வளைகிறது. கீழே மலைகளின் குறுக்குவெட்டுப் படம் வருகிறது, உயரம் போதாத இடத்தில் சிவப்பாகிறது. திரை இல்லாத காலத்தில், எல்ரி ஜெப்பெசன் என்ற தபால் விமானி 1930-களில் பத்து சென்ட் நோட்டுப் புத்தகம் ஒன்றில் ஓடுபாதை நீளம், குன்றின் உயரம், பக்கத்துப் பண்ணைக்காரரின் போன் நம்பர் எல்லாம் குறித்து வைத்தார். மற்ற விமானிகள் அதன் பிரதி கேட்க, 1934-இல் அதுவே விமான வரைபடக் கம்பெனி ஆனது. அந்த ஜெப்பெசனை 2000-இல் போயிங் வாங்கியது, ஃபோர்ஃப்ளைட்டை 2019-இல் வாங்கியது. 2025-இல் இரண்டையும் இன்னும் சிலவற்றோடு சேர்த்து தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 1,055 கோடி டாலருக்கு விற்றது. பத்து சென்ட் நோட்டுக்கு வந்த வாழ்வு என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் அந்த நோட்டில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் யார் எழுதினார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியும்.

அழகான திரை கொஞ்சம் ஆபத்தும்கூட. மழை மேகப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது டேப்லெட்டில் வரும் ரேடார் படத்தின் ஓரத்தில் "2 நிமிடம்" என்று போட்டிருக்கும். அந்தப் படம் தொகுக்கப்பட்டு இரண்டு நிமிடம் ஆகிறது என்பதுதான் அதற்குப் பொருள், ரேடார் அந்த மழையைப் பார்த்தது எப்போது என்பது வேறு கதை. உண்மையில் அது பதினைந்து இருபது நிமிடம் பழையதாகக்கூட இருக்கலாம் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012-இல் தனியாக எச்சரிக்கையே வெளியிட்டது. இடிமேகம் இருபது நிமிடத்தில் எவ்வளவோ நகர்ந்துவிடும். இதையெல்லாம் கிளப்பில் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு இப்போது சிரிப்பாக வருகிறது.

அரை கேலன் தேடிய இரவு

வியாழன் இரவுக்கு வருகிறேன். முதலில் சந்தேகப்பட்டது காற்றை. வடக்கே போகும்போது அந்தப் பருவத்தில் வடமேற்கிலிருந்து எதிர்காற்று சகஜம். இரண்டு ஆப்களும் எந்த நேரத்து முன்னறிவிப்பை எடுத்தன என்று பார்த்தேன், ஒன்று கொஞ்சம் பழையதை வைத்திருந்தது. புதுப்பித்தேன். எதிர்காற்று ஒன்றிரண்டு நாட் (மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் வேகம்) மாறியது. அடுத்து ஏறுமுகக் கணக்கு. ஒன்று விமானத்தின் கையேட்டு அட்டவணைப்படி உயரத்துக்கு உயரம் ஏறும் வேகத்தைக் குறைத்துக் கணக்கிட்டது, இன்னொன்றில் "நிமிடத்துக்கு 500 அடி" என்று நானே எப்போதோ ஒரே எண்ணாகப் போட்டு வைத்திருந்தேன். அப்புறம், தரையில் ஓடி எஞ்சினைச் சோதித்துக் கிளம்புவதற்கு கையேடு 1.4 கேலன் ஒதுக்கச் சொல்கிறது. ஒன்றில் அது இருந்தது, மற்றதில் 1 என்று இருந்தது. இதையெல்லாம் நோண்டி நோண்டி, இரவு பன்னிரண்டு மணிக்கு, இரண்டு ஆப்களின் செலவுக் கணக்கும் ஏன் வேறுபடுகிறது என்று ஓரளவு புரிந்தது. பாதைக்குத் தேவையான எரிபொருள் பழைய ஆப்பில் 44.6 கேலன், புதியதில் 45.1. வித்தியாசம் அரை கேலன்.

அரை கேலனை விளக்கிவிட்டேன். மீதி மூன்று கேலன்?

இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. 44.6-ஐயும் 11.4-ஐயும் கூட்டியிருந்தால் போதும். அப்புறம் 45.1-ஐயும் 7.9-ஐயும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. நான் கூட்டவில்லை. காற்றை முன்னறிவிக்கும் கணக்கு முறைகளைப் பற்றி இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி தண்ணீர் குடிக்க வந்தவள் இரண்டு திரைகளையும் பார்த்துவிட்டு, "ஏங்க, நாலரை மணி நேரத்துக்கு மேல எங்கயும் எறங்காமப் போறதா? உங்க பெட்ரோல் கணக்கு இருக்கட்டும், எனக்கு பாத்ரூம் போகணும்ல?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எந்த ஆப்பிலும் அதற்குக் கட்டம் இல்லை. ரெட்டிங்கில் இறங்குவது என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. பயணத்தைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது, எனக்குத் தூக்கம்தான் வரவில்லை.

இருக்கைகளுக்கு நடுவே

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக விமான நிலையம் போனேன். சனிக்கிழமைக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று விமானத்தைச் சுற்றிப் பார்த்தேன். இறக்கையைத் தாங்கும் கம்பியில் கால் வைத்து ஏறி மூடியைத் திறந்து, அளவுக் குழாயை உள்ளே விட்டு, மேல்முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் பெட்ரோல் ஏறி நின்றது. ரீட்-ஹில்வியூவில் 2022 ஜனவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பதில்லை, கவுன்ட்டி (மாவட்ட) நிர்வாகம் நிறுத்திவிட்டது. எந்த ஊரில் எந்தப் பெட்ரோல் என்ன விலை என்று ஆப் காட்டும். ஆனால் ஈயமில்லாததை என் எஞ்சினில் ஊற்ற அனுமதிச் சான்று இருக்கிறதா என்பதற்கு விமானத்தின் காகிதங்களைத்தான் புரட்ட வேண்டும். மூடியை மாட்டிவிட்டு இறங்கும்போது அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். வருடக்கணக்காகப் பார்ப்பதுதான், படித்ததில்லை. பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 26.5 கேலன் என்று போட்டிருந்தது.

அப்போதும் மண்டையில் உறைக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, பழக்கத்தில் கை கீழே போனது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, தரையை ஒட்டி, எரிபொருள் குழாயைத் திருப்பும் குமிழ் இருக்கிறது. இடது தொட்டி, வலது தொட்டி, இரண்டும். ஒவ்வொரு முறை கிளம்புமுன்பும் சரிபார்ப்புப் பட்டியல் படிக்கும்போது "ஃப்யூயல் செலக்டர், போத்" என்று வாய் சொல்லும், விரல் அதைத் தொட்டுப் பார்க்கும். "போத்" என்ற எழுத்துக்கு அருகிலேயே, பொடி எழுத்தில்கூட இல்லை, நன்றாகவே அச்சிட்டிருக்கிறார்கள்: 53.0 கேலன்.

ஐபேடைத் திறந்து பழைய ஆப்பில் விமானத்தின் புரொஃபைலுக்குப் போனேன். எரிபொருள் கொள்ளளவு: 56.

172 எஸ்-இன் இரண்டு இறக்கைத் தொட்டிகளும் சேர்ந்து 56 கேலன் பிடிக்கும். அதில் எஞ்சினுக்குப் போய்ச் சேரும் என்று கணக்கில் எடுக்கக்கூடியது 53. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கும் குழாய் தொட்டியின் அடித்தளத்துக்கு ஓரங்குலம் மேலேதான் பொருத்தியிருக்கும். அந்த ஓரங்குலத் தண்ணீர் தொட்டியில் இருக்கும், குழாயில் வராது. அப்படி இருக்கும் மூன்று கேலனைத்தான் நான் எரிபொருளாகக் கணக்கு வைத்திருந்தேன். லைசன்ஸ் வாங்கிய முதல் வாரம், பெரிய உற்சாகத்தில், ஏதோ ஒரு விவரப் பட்டியலைப் பார்த்து 56 என்று நானே தட்டியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. ஆப் கேட்ட இடத்தில் ஒரு எண் கொடுத்தேன். அது இரண்டு வருடமாக அந்த எண்ணிலிருந்து கழித்துக் கழித்து, ஒரு தசம இடம் வரை சுத்தமாக, எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மூன்று கேலன் என்றால் இருபது நிமிடம். வீட்டுக்கு வந்து லாக்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு தொட்டி நிறையக் கிளம்பிய பயணங்களை எல்லாம் பார்த்தேன். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரப் பயணங்கள், ஆபத்து என்று சொல்ல எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் உறுத்தியது. ஒரு குளிர்கால மாலை, இறங்கியபோது ஒரு மணி பத்து நிமிடம் கையிருப்பு என்று ஆப் கணக்கை அப்படியே பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். உண்மையில் அது ஐம்பது நிமிடம். கிளப் விதியை மீறியிருக்கிறேன், மீறியது எனக்கே தெரியாது. அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் திருத்தி எழுதினேன். யாருக்காக என்று தெரியவில்லை.

புதிய ஆப் சரியான எண்ணை வைத்திருந்ததற்குக் காரணம் அது சிறந்த ஆப் என்பதல்ல. அதில் நான் இன்னும் கை வைக்கவில்லை, அவ்வளவுதான். 172 எஸ் என்று தேர்ந்தெடுத்ததும் வந்த மாதிரியை அப்படியே விட்டிருந்தேன்.

பாஸ்வேர்டு யாரிடம்?

அந்த ராத்திரியே சென்னையில் இருக்கும் கல்லூரி நண்பனுக்கு போன் போட்டேன். அவன் விமானத்தை வாடகைக்கு விடும் ஒரு சிறிய சார்ட்டர் கம்பெனியின் ஆபரேஷன்ஸ் அறையில் வேலை பார்க்கிறான். இரண்டே விமானங்கள், அதில் ஒன்று கிங் ஏர் என்ற இரட்டை எஞ்சின் விமானம். நான் கதையைச் சொல்லி முடிக்குமுன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "மச்சான், எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஒரு ரிஜிஸ்டர் இருக்குடா" என்றான்.

அவன் உலகம் வேறு. எனக்கு ஒரு விமானம், ஒரு சனிக்கிழமை. அவனுக்கு இரவு ஒன்பது மணிக்கு போன் வரும், நாளைக் காலை ஏழு மணிக்கு நாலு பேர் கிளம்ப வேண்டும் என்று. மென்பொருளில் பாதையும் எரிபொருளும் பத்து நிமிட வேலை என்கிறான். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. இந்தியாவில் ஃப்ளைட் பிளானைப் பதிவு செய்தால் மட்டும் போதாது. விமானப்படை தரப்பிலிருந்து ஏடிசி என்கிற வான் பாதுகாப்பு அனுமதி எண் வர வேண்டும், தகவல் மையத்திலிருந்து எஃப்ஐசி எண் வர வேண்டும். இரண்டும் கையில் இல்லாமல் விமானம் நகராது. எந்த நாட்டில் எழுதிய எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் அந்த எண்களைத் தானாக உண்டாக்கித் தராது. போகும் ஊர் சிறிய விமான நிலையமாக இருந்தால் அது எத்தனை மணி வரை திறந்திருக்கும், நிறுத்த இடம் உண்டா, விமானிகளுக்கான எச்சரிக்கையாக வரும் நோட்டாம் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வானிலைக்கு, வானிலைத் துறை சென்னையிலிருந்து நடத்தும் ஆன்லைன் பிரீஃபிங் தளம். வெளிநாட்டு மென்பொருள் விற்பனையாளர் வந்து திரையில் பாதையை ரப்பர் மாதிரி இழுத்துக் காட்டினாராம். இவன் கேட்ட முதல் கேள்வி, "சார், இதுல ஏடிசி நம்பரை எங்க எழுதறது?" அதற்கு ஒரு குறிப்புக் கட்டத்தைக் காட்டினாராம்.

"அப்ப எப்படித்தான் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"அம்சமெல்லாம் எல்லாத்துலயும் ஒண்ணுதான்டா. விமானத்தோட புரொஃபைல்ல யாரு கை வைக்கலாம், வச்சா யாரு எப்ப வச்சாங்கன்னு தெரியுமா, அத மட்டும்தான் பாத்தோம். எங்க ஆபீஸ்ல அந்தப் பாஸ்வேர்டு ரெண்டே பேர்கிட்ட இருக்கு. ஒருத்தர் மாத்தினா இன்னொருத்தர் கையெழுத்துப் போடணும். விமானத்தை எடை போட்ட பேப்பர், கையேட்டுப் பக்கம், எல்லாம் அந்த ரிஜிஸ்டர்ல ஒட்டியிருக்கும்."

அப்புறம் அவன் அலகுகளைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தான். எரிபொருள் வண்டிக்காரர் லிட்டரில் ஊற்றுவார். விமானத்தின் முள் பவுண்டில் காட்டும். மென்பொருளை எந்த மகராசனோ கிலோவில் அமைத்து வைத்திருப்பான். 1983-இல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் இல்லாமல் மிதந்தபடியே கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறங்கியதே, அதுவும் இதே வியாதிதான். லிட்டரைக் கிலோவாக மாற்ற ஏறத்தாழ 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோ இருப்பதாக நினைத்துக் கிளம்பியவர்களிடம் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. அன்றைக்கு ஒருவர் உயிரும் போகவில்லை என்பது விமானிகளின் திறமை. "அவங்ககிட்ட கம்ப்யூட்டர் இல்லாமயா இருந்துச்சு? இருந்துச்சுடா. அதுக்குள்ள நம்பரைக் கையால தட்டி விட்டாங்க" என்றான்.

எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல் இருக்கிறது. விமானக் கையேட்டில் மாற்ற முடியாதபடி அச்சிட்டிருக்கும் ஒரு எண்ணை, ஆப் ஏன் என்னைத் தட்டச் சொல்கிறது? தட்டிய பிறகு, "இந்த ரக விமானத்துக்கு வழக்கமாக 53, நீங்கள் 56 என்று போட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு வரி கேட்டால் என்ன குறைந்துவிடும்? மலையில் இடிப்பேன் என்றால் திரையைச் சிவப்பாக்கத் தெரிகிறது. சரி, எல்லா விமானமும் ஒன்றுபோல் இருக்காது, கூடுதல் தொட்டி பொருத்தியவர்கள் இருப்பார்கள், அதனால் விட்டுவிடுகிறார்கள் என்பது புரிகிறது. புரிந்தாலும் மனத்தாங்கல் போகவில்லை. இலவசச் சோதனை முடிந்ததும் புதிய ஆப்புக்கும் பணம் கட்டிவிட்டேன். இரண்டு சந்தா எதற்கு என்று வீட்டில் கேள்வி வந்தது. ஒன்று தப்பாகச் சொன்னால் இன்னொன்று எதிர்த்துப் பேசட்டும் என்றேன். "அதுக்குத்தான் நான் இருக்கேனே" என்று பதில் வந்தது.

ரெட்டிங்

சனிக்கிழமை காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பள்ளத்தாக்கு முழுக்க நெல்வயல், தண்ணீர் கட்டி நிறுத்திய வயல்களில் சூரியன் ஒன்று மாற்றி ஒன்றில் குதித்துக்கொண்டே கூட வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் ரயிலில் போகிற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பே ரெட்டிங்கில் இறங்கினோம். அவள் வேகமாகக் கட்டிடத்துக்குள் போனாள். நான் தொட்டிகளை விளிம்பு வரை நிரப்பினேன். பம்பு நின்றபோது மீட்டரில் 18.2 கேலன். பழைய ஆப் 18.7 என்றிருந்தது, புதியது 18.9. மூன்றையும் பாக்கெட் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன்.

கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டோடு திரும்பி வந்தவள், "எறங்கும்போது எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நோட்டில் ஒரு கோடு போட்டுக் கணக்கு எழுதி, மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு, 34.8 என்றேன்.